இரண்டு வால்வுக்கு நடுவே

வாளியில் சொட்டுவது நின்றுபோயிருந்தது.

எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை. காலையிலிருந்து அந்தச் சத்தம் காதோரம் கிடந்துகொண்டேதான் இருந்தது. சலவைக்கூடத்து இயந்திரங்கள் பக்கத்து அறையில் உருண்டு புரண்டு இரைந்துகொண்டிருந்தபோதும், எரியும் பாய்லரின் அடுப்பு முதுகுக்குப் பின்னால் ஓயாமல் உறுமிக்கொண்டிருந்தபோதும், நடுவில் எங்கோ ஒரு சொட்டு விழுவதும் வாளி அதற்கு முனகுவதும் கேட்டுக்கொண்டேயிருந்தன. சாப்பாட்டு வேளைக்கு இயந்திரங்கள் ஓய்ந்து, பெண்கள் பேசிச் சிரித்தபடி முற்றம் தாண்டிப் போன பிறகுதான் அது இல்லாதது உறைத்தது. ஓடுகிற விசிறி நின்றால் தூங்குகிறவன் விழித்துக்கொள்வான் அல்லவா, அந்த மாதிரி.

நல்லதுதானே, காலடியில் ஈரம் குறையும் என்றுதான் முதலில் நினைத்தாள். அடுத்த மூச்சிலேயே நிமிர்ந்து உட்கார்ந்தாள். கசிகிற வால்வு தானாகச் சரியாகிவிடுமா? கிழிந்த துணி தானே தைத்துக்கொண்டதாக உலகத்தில் எங்காவது உண்டா? இத்தனை வருஷம் ஆஸ்பத்திரிப் படுக்கைவிரிப்புகளைத் துவைத்தவளுக்கு அதுகூடத் தெரியாதா என்ன.

அவளுக்கு முன்னால் இருந்தது இரண்டாம் பாய்லர். ஆறிப்போனது. அதன் மார்பில், ஓர் ஆள் உடம்பைக் குறுக்கிக்கொண்டு நுழையும் அளவுக்கு முட்டை வடிவில் ஒரு துளை. அதை அங்கே எல்லோரும் வாய் என்றுதான் சொல்வார்கள். அந்த வாய்க்குள் அவளுடைய தம்பி இருந்தான். உள்ளே குழாய்கள்மேல் சுண்ணாம்பாகக் கட்டிக்கொண்ட உப்புப் படிவைச் சுரண்டுவது அவன் பிழைப்பு. வாயருகே முக்காலியில் உட்கார்ந்து காவல் இருப்பது அவள் வேலை. இதற்கென்று வேறு ஆளைப் போடலாம்தான். தம்பி கேட்கவில்லை. அக்கா உட்கார்ந்தால்தான் இறங்குவேன் என்று ஒற்றைக்காலில் நிற்பான். அவன் பெண்டாட்டியும் அப்படித்தான். ஒவ்வொரு முறையும் வாசல்வரை வந்து, "கூட நீங்க இருப்பீங்கல்ல அண்ணி?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே போவாள். இந்த முறை கேட்கும்போது கை தன் வயிற்றின்மேல் இருந்தது. ஏழாவது மாசம்.

அவள் முதுகுக்குப் பின்னால் முதல் பாய்லர் எரிந்துகொண்டிருந்தது. அதை அணைக்க முடியாது. அறுவைக்கூடத்துக் கத்தியும் கத்தரியும் அதன் நீராவியில்தான் வெந்து சுத்தமாக வேண்டும். இரண்டு பாய்லருக்கும் தலைக்குமேல் ஒரே பருத்த குழாய். இரண்டின் நீராவியும் அதில்தான் போய்ச் சேரும். அதாவது, அங்கே கொதிக்கிற நீராவிக்கும் இங்கே படுத்துச் சுரண்டுகிற தம்பிக்கும் நடுவில் வழி இருந்தது. அந்த வழியை அடைத்துக்கொண்டு இரண்டு வால்வுகள், ஒன்றன்பின் ஒன்றாக.

பாய்லர்காரர் ஒருநாள் அவளுக்குப் பொறுமையாக விளக்கியிருந்தார். அவருக்கு மீசை என்று பெயர். மீசை கிடையாது. எந்தக் காலத்திலோ அடுப்புத் தீ எட்டிப் பார்த்து வழித்துக்கொண்டு போனது. பெயர் மட்டும் உதட்டின்மேல் தங்கிவிட்டது.

"முதல் வால்வு கசிஞ்சா ரெண்டாவது தடுக்கும்மா. ரெண்டுக்கும் நடுவுல தொங்குது பாரு ஒரு ஒல்லிக் குழாய், அது எப்பவும் தொறந்தே இருக்கணும். கசியற ஸ்டீம் உள்ள இருக்கிறவன்கிட்ட போகாம அது வழியா வெளிய போயிடும். சொட்டுதேன்னு பயப்படாத. சொட்டுற வரைக்கும் உன் தம்பிக்கு ஒண்ணும் ஆகாது."

"முன்னாடியெல்லாம் ஒரே வால்வுதான் இருந்துச்சாமே, மாமா?"

"இருந்துச்சு." அவர் வேறெங்கோ பார்த்தார். "சும்மா யாரும் ரெண்டாவது வாங்கி மாட்ட மாட்டாங்க. ஒவ்வொரு வால்வுக்குப் பின்னாலயும் உள்ளயே வெந்துபோன ஒரு ஆள் இருக்கான்."

சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

அந்த இடத்துக்கென்று இன்னொரு வழக்கமும் இருந்தது. உள்ளே இறங்குகிறவன் அந்த இரண்டு வால்வின் கைச்சக்கரங்களையும் கழற்றித் தன்னோடு எடுத்துக்கொண்டுதான் இறங்குவான். சக்கரம் இல்லாத வால்வை எவனும் மறதியாகக்கூடத் திறக்க முடியாது. உயிரை உன் கையிலேயே வைத்துக்கொள் என்று அர்த்தம். அன்று காலையிலும் தம்பி சக்கரங்களைத் கையில் வளையல்போல மாட்டிக்கொண்டு சிரித்தான்.

"ரெண்டு வீலும் கையில இல்லாம நான் வெளிய வந்தேன்னா, அது நான் இல்லக்கா. துரத்தி விட்டுடு."

"வாயைக் கழுவு," என்று அவன் முதுகில் ஒன்று வைத்து அனுப்பினாள்.

இப்போது அவள் மடியிலிருந்த ஸ்பேனரை எடுத்து, இரண்டாம் பாய்லரின் வயிற்றில் மூன்று முறை தட்டினாள். அதுதான் அவர்களுக்குள் பேச்சு. அவள் மூன்று தட்டினால் அவன் இரண்டு தட்ட வேண்டும். இருக்கியா என்று இவள் கேட்பாள், இருக்கேன் என்று அவன் சொல்வான்.

டொக். டொக்.

பதில் வந்தது. அவள் நெஞ்சு ஆறியது. பிறகுதான், அது தன் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது என்று புரிந்தது.

திரும்பிப் பார்த்தாள். முதல் பாய்லர் உறுமிக்கொண்டு நின்றது. கண்ணாடித் துளைக்குள் தீ மஞ்சளாக ஆடிக்கொண்டிருந்தது. சுட்ட இரும்பும் பழைய எண்ணெயும் கலந்த அதே நாற்றம். இரும்புக்குள் சத்தம் எங்கே தட்டி எங்கே கேட்கும் என்று யாருக்குத் தெரியும், மேலே ஒரே குழாய்தானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். சமாதானம் நன்றாகத்தான் இருந்தது. மனசுதான் ஏற்கவில்லை. மறுபடி மூன்று தட்டிவிட்டு, இந்த முறை கையை இரண்டாம் பாய்லரின்மேல் பதித்து வைத்துக்கொண்டாள். தகடு அசையாமல் இருந்தது.

டொக். டொக்.

பின்னால். தீக்கு நடுவில், கொதிக்கிற தண்ணீருக்கு உள்ளேயிருந்து, அவசரமே இல்லாமல்.

அவள் வாய்க்குள் தலையை நுழைத்தாள். உள்ளே சுண்ணாம்புத் தூசி மணத்தது. தூரத்தில் கைவிளக்கின் வெளிச்சம், அதில் தம்பியுடைய செருப்பின் அடிப்பக்கம். சுரண்டும் சத்தம் கரகரவென்று வந்துகொண்டிருந்தது.

"தம்பி, நீயா தட்டின?"

சுரண்டல் நின்றது. "நான் எங்கக்கா தட்டினேன். ரெண்டு கையிலயும் வேலை. நீதான் விடாம தட்டிக்கிட்டே இருக்க."

"நான் ரெண்டு தரம்தான் தட்டினேன்."

"போக்கா. எவ்வளவு நேரமா தட்டுற." அவன் குரலில் சிரிப்பு இருந்தது, ஆனால் முழுசாக இல்லை. "ஆமா, வெளிய யாராவது வீல் திருப்புறாங்களா? கிறீச்சுனு ஒரு சத்தம் வருது."

"வீல் ரெண்டும் உன்கிட்டதானடா இருக்கு."

"என்கிட்டதான் இருக்கு." இரும்பு இரும்பில் உரசியது. "அக்கா, இதுல ஒண்ணு சுடுது."

"வெளிய வா."

"கடைசி மூலைதான் பாக்கி…"

"வான்னா வா. பேச்சு பேசாத."

அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. சாப்பிடப் போகுமுன் மீசை வாளியருகே குந்தி உட்கார்ந்தார். உன் காலடியெல்லாம் ஈரமா இருக்கேம்மா, வழுக்கப் போகுது என்று அக்கறையாகப் பேசிக்கொண்டே வாளியைக் கொட்டினார். பேச்சு பேச்சாக இருக்க, கை வேலை செய்தது. மற்ற நாளெல்லாம் அந்த ஒல்லிக் குழாய்க்கு மூடி போட்டுத்தான் இருக்கும். பாய்லருக்குள் ஆள் இருக்கிற நாளில் மட்டும்தான் திறந்திருக்கும். இத்தனை வருஷமாகச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்குமுன் அந்த மூடியை இன்னொரு முறை இறுக்கித் திருகிவிட்டுப் போன கை அது. பழகிய கைக்கு இன்றைக்கு என்ன நாள் என்று தெரியுமா? நல்லது செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு கையைத் துடைத்தபடி போய்விட்டார்.

வாயை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்பது காவலின் முதல் விதி. எழுந்தாள். ஓடினாள். குழாயின் நுனியில் பித்தளை மூடி இறுகிப்போய் இருந்தது. தொட்டவுடன் உள்ளங்கைத் தோல் அதில் ஒட்டிக்கொண்டு வந்தது. கத்தவில்லை. கத்த நேரமில்லை. ஸ்பேனரை மாட்டி, உடம்பு முழுக்கப் பாரத்தையும் கொடுத்துத் தொங்கினாள். மூடி ஒரு சுற்று இளகியது, இன்னொன்று. பிறகு தெறித்துப் போய்ச் சுவரில் மோதிக் காலடிக்கே உருண்டு வந்தது.

அவள் எதிர்பார்த்தது சொட்டு. வந்தது சீறல். வெள்ளையாக, கனமாக, தரையைக் கிழிக்கிற மாதிரி நீராவி பாய்ந்து வாளியைத் தூக்கி எறிந்தது. கசிவு இல்லை இது. முதல் வால்வு திறந்திருக்கிறது. இவ்வளவு நேரமும் இது இரண்டாவது வால்வின்மேல் முட்டிக்கொண்டு நின்றிருக்கிறது.

அண்ணாந்து பார்த்தாள்.

முதல் வால்வின் மொட்டைத் தண்டு திரும்பிக்கொண்டிருந்தது. சக்கரம் இல்லை. கை இல்லை. எண்ணெய் பூசிய மரை ஒவ்வொன்றாக மேலே ஏறிக்கொண்டிருந்தது, சாவகாசமாக, தன் வீட்டுக் கதவைத் திறக்கிறவனுக்கு இருக்கிற நிதானத்தோடு.

ஏதாவது ஆனால் சிவப்புப் பொத்தானை அமுக்கு என்று மீசை சொல்லி வைத்திருந்தார். சுவரில் தேடி, வெந்த கையாலேயே அறைந்தாள். அடுப்பு ஒரு முறை இருமி அணைந்தது. அணைந்து என்ன பிரயோசனம். அடுப்பை அணைத்தால் பானை உடனே ஆறிவிடுமா? உள்ளே இருக்கிற அழுத்தம் இறங்கப் பொழுது சாய வேண்டும். "மாமா, மாமா" என்று முற்றத்தைப் பார்த்து அலறினாள். சாப்பாட்டுக்கூடம் முற்றத்துக்கு அந்தப் பக்கம், கதவு மூடியிருந்தது. நீராவியின் சீறலில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

அந்தக் குழாய் திறந்திருக்கிற வரைக்கும் அவனுக்கு ஒன்றும் ஆகாது. அதை மட்டும் மனசுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு வாய்க்கு ஓடி வந்தாள்.

உள்ளே இருட்டு. கைவிளக்கு அணைந்திருந்தது.

"தம்பி."

"இங்கதான்க்கா இருக்கேன்." ரொம்ப தூரத்திலிருந்து வந்தது. "லைட்டு போயிடுச்சு. ஒரு வீல் கையில இருக்கு. இன்னொண்ணு காணோம். இங்கதான் வச்சேன், உருண்டுடுச்சு."

"வீல் போய்த் தொலையட்டும். நீ வா."

"அதை விட்டுட்டு எப்படிக்கா வர்றது. இரு, தடவிப் பாக்குறேன்."

"உன் பெண்டாட்டிக்கு நான் என்னடா பதில் சொல்லுவேன். என் சாமி இல்ல, வந்துடுடா." அவள் அழுதுகொண்டிருந்தாள். தோள்வரை வாய்க்குள் நுழைத்து, இரண்டு கையையும் இருட்டுக்குள் நீட்டினாள். "என் கையைப் பிடி. இந்தப் பக்கம் வா. என் குரலைப் பிடிச்சுக்கிட்டே வா."

ஒரு கை வந்து அவள் கையைப் பற்றியது.

உயிர் போய் உயிர் வந்தது. இழுத்தாள். வெந்த தோல் பிய்ந்தது, பொருட்படுத்தவில்லை. அவன் கனமே இல்லாமல் வந்தான், சோப்புத் தண்ணீரில் துணி வழுக்கி வருவதுபோல. தலை வந்தது, தோள் வந்தது, முழங்கால் வந்தது. தரையில் கால் ஊன்றி நின்றான். அவள் அவனை அப்படியே கட்டிக்கொண்டாள். கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, வந்துட்ட, வந்துட்ட என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். அவனும் அவள் முதுகை மெதுவாகத் தட்டிக்கொடுத்தான்.

முகத்தை எடுத்தபோது அவள் கன்னம் ஈரமாக இருந்தது. கண்ணீர் என்று நினைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது.

அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். சுண்ணாம்பு ஒட்டியிருக்கவில்லை. காலையிலிருந்து உப்புப் படிவுக்குள் புரண்டவன் மாவில் புரட்டிய மாதிரி அல்லவா வெளியே வர வேண்டும். இவன் மேல் ஒரு தூசி இல்லை. அவன் விரல்களைப் பார்த்தாள். வெளுத்து, ஊறி, நுனியெல்லாம் சுருங்கியிருந்தன. அந்தத் தோலை அவளுக்குத் தெரியும். நாள் முழுக்கத் தண்ணீரில் கிடந்த தோல்.

விரல்களில் எதுவும் இல்லை. இரண்டு கையும் காலி.

"வீல் எங்கடா?" என்று கேட்டாள்.

அவளைத் தாண்டி நடந்தான். சீறிக்கொண்டிருந்த நீராவிக்குள் குனிந்து, அங்கே தரையில் கிடந்த பித்தளை மூடியை எடுத்தான். பாய்கிற நீராவிமேல் வெறும் கையால் அதை வைத்து அழுத்தினான். திருகினான். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. சீறல் மெலிந்து, விசிலடித்து, நின்றது.

"காலடியெல்லாம் ஈரமா இருக்கேக்கா," என்றான். தம்பியின் குரல்தான். "வழுக்கப் போகுது."

அந்த அமைதியில் எல்லாம் கேட்டது. மேலே ஒரு கிறீச். இரண்டாவது தண்டு.

டொக். டொக்.

இந்த முறை இரண்டாம் பாய்லரிலிருந்து. அவள் காலையிலிருந்து காத்துக்கொண்டிருந்த இடத்திலிருந்து.

"அக்கா, கிடைச்சிடுச்சுக்கா." மூச்சு வாங்கியது. சந்தோஷமாக இருந்தது. "ரெண்டும் கிடைச்சிடுச்சு. இதோ வந்துட்டேன். கை குடு."

அவள் குழாயை நோக்கிப் பாய்ந்தாள். அவன் வழியில் நின்றான். வாயை நோக்கித் திரும்பினாள். அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். முரட்டுப் பிடி இல்லை. ரோட்டைக் கடக்கும்போது குழந்தையைப் பிடிப்பது போன்ற பிடி. அவளால் ஓர் அங்குலம் நகர முடியவில்லை. கடித்தாள். பல்லுக்கடியில் ஊறிய சோறு மாதிரி இருந்தது.

"தம்பி, வராத. உள்ளயே… இல்ல, வா, சீக்கிரம் வா, ஓடி வா…"

வாயின் விளிம்பில் ஒரு கை தெரிந்தது. சுண்ணாம்பு அப்பிய கை. ஒரு சக்கரத்தை வெளியே நீட்டி விளிம்பில் மாட்டியது. போய், இரண்டாவதையும் கொண்டுவந்து மாட்டியது.

"பிடிக்கா."

பிடிக்கப்படாத கையை நீட்டினாள். விரல் நுனி விரல் நுனியைத் தொட்டது. காய்ந்த விரல். சொரசொரப்பான, அவள் சோறூட்டி வளர்த்த விரல்.

மேலே தண்டு கடைசியாக ஒரு சுற்று சுற்றியது.

வாய் வெள்ளையாகியது.

சத்தம் எதுவும் அவளுக்குக் கேட்கவில்லை. வெண்மைக்குள் அந்தக் கை மட்டும் விளிம்பைப் பிடித்தபடி அப்படியே இருந்தது. பக்கத்தில் நின்றவன் குனிந்தான். அவள் கையிலிருந்து எப்போதோ நழுவி விழுந்த ஸ்பேனரை எடுத்தான். அவள் மணிக்கட்டை விடாமல், அவள் முக்காலியை இழுத்துப் போட்டு அதில் உட்கார்ந்தான். இரண்டாம் பாய்லரின் வயிற்றில் மூன்று முறை தட்டினான்.

வெண்மைக்குள் அந்தக் கை, விளிம்பின்மேல், இரண்டு முறை தட்டியது.

அவன் மறுபடி மூன்று தட்டினான்.